விரிசல் விட்ட குவாட் பைக்குக்கு எந்த ஃபிரேம்?

வாசகரின் கடிதம்

அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரை ஒட்டி வசிக்கும் ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருக்கு வயது 38, எடை 82 கிலோ. 2006ஆம் ஆண்டு ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் என்ற நான்கு சக்கரக் குவாட் பைக் ஒன்றை உரிமைப் பத்திரத்தோடு பழையதாக வாங்கி, இரண்டு சீசனாக உள்ளூர் மோட்டோகிராஸ் (மேடு பள்ளமுள்ள மண் தளப்) பந்தயங்களில் புதியவர்களுக்கான 'சி' வகுப்பில் ஓட்டிவருகிறார். இடையில் ஒன்றிரண்டு காட்டுப் பாதைப் பந்தயங்களிலும் கலந்துகொண்டிருக்கிறார். போன மாதம் உச்சி தட்டையான ஒரு டேபிள்டாப் மேட்டைத் தாண்டும்போது இறக்கம் வரை எட்டாமல், முன்சக்கரங்கள் விளிம்பில் பலமாக இடித்துவிட்டன. ஆளுக்கு அடியில்லை. பிறகு வண்டியைக் கழுவும்போதுதான் இடப்பக்கக் கீழ் ஏ-ஆர்மை (முன்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் 'ஏ' வடிவக் கை) பிடித்திருக்கும் பின்காதின், அதாவது ஃபிரேமில் நீட்டியிருக்கும் பிடித் தகட்டின், அடியில், வெல்டிங்கை ஒட்டி, மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்திருக்கிறது. நகத்தால் வருடினால் தட்டுகிறதாம்.

இப்போது அவர் முன்னால் நான்கு வழிகள். ஒன்று, புதிதாக ஒரு குரோமோலி (கலப்பு எஃகு) ஃபிரேம்: 2,900 டாலர், எட்டு வாரக் காத்திருப்பு. இரண்டு, தெரிந்தவர் மூலம் வந்திருக்கும் பழைய குரோமோலி ஃபிரேம்: 850 டாலர், புதுசாகக் கருப்பு பவுடர் கோட்டிங் அடித்தது, காகிதம் ஏதும் கிடையாது, நீண்ட ஷாக்குகளுக்கான 'லாங் டிராவல்' வகை. மூன்று, உரிமைப் பத்திரத்தோடு கிடைக்கும் ஹோண்டாவின் அசல் பழைய ஃபிரேம்: 450 டாலர். நான்கு, வீட்டில் சொல்வதுபோல இதை விற்றுவிட்டு வேறு வண்டி. கையில் இருப்பது 3,500 டாலர். அடுத்த ஆண்டு தேசிய அளவிலான பந்தயம் ஒன்றில் 'சி' வகுப்பில் ஓட்ட ஆசை. "குரோமோலி இரும்பைவிட விறைப்பானது, எடையும் குறைவு, உண்மையான பந்தயக்காரர்கள் எல்லாரும் வெளிப் பட்டறைகள் செய்யும் ஃபிரேம்தானே போடுகிறார்கள்? பழைய ஃபிரேமில் உள்ள வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகட்டைக் கழற்றிப் புதியதில் பொருத்திக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர். சரியா?" என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒன்று: இந்த ஃபிரேமோடு இனி ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள். பயிற்சிக்கும் வேண்டாம். கீழ் ஏ-ஆர்மின் பின்காது, பிரேக் பிடிக்கும்போதும் முன்சக்கரம் எதிலாவது இடிக்கும்போதும் பெரிய சுமையைத் தாங்கும் இடம். துரு ஏறும் அளவுக்கு விரிசல் திறந்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் போன மாதத்து அடியில் பிறந்தது அல்ல. முன்பே தொடங்கி, அந்த அடியில் வளர்ந்தது. காது பிய்ந்தால் சக்கரம் உள்பக்கமாக மடங்கும், வண்டி அந்தப் பக்கமே உருளும். மேட்டில் இறங்கும் நேரத்தில் அது நடந்தால் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்புக்கும் வேகத்துக்கும் பணத்துக்கும் மூன்றாவது வழிதான் பொருத்தம்: அளந்து பார்த்து நேராக இருக்கும் அசல் ஃபிரேம், பலவீனமான இடங்களில் கஸ்ஸெட் தகடுகள் (மூலைகளை வலுப்படுத்த வெல்டிங் செய்யும் தகடுகள்), மிச்சப் பணத்தில் உங்கள் எடைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர் வேலை. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன். அதையும் மீறி வெளி ஃபிரேம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

குரோமோலி விறைப்பானதா?

இல்லை. இது மிகப் பலருக்கும் உள்ள எண்ணம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 4130 குரோமோலி என்பது சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் மாலிப்டினமும் கலந்த எஃகு. சாதாரண எஃகைவிட இதற்கு வலிமை அதிகம். அதாவது நிரந்தரமாக வளையாமல் கூடுதல் சுமை தாங்கும். ஆனால் விறைப்பு, அதாவது சுமை ஏறும்போது எவ்வளவு நெகிழ்கிறது என்பது, எல்லா எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சுமார் 205 கிகாபாஸ்கல். ஒரே அளவுக் குழாயில் ஒன்று சாதாரண எஃகு, மற்றொன்று குரோமோலி என்றால் இரண்டும் ஒரே அளவுதான் நெகிழும்.

விறைப்பு வருவது குழாயின் விட்டத்திலிருந்து. 1 அங்குல விட்டம், 0.065 அங்குலச் சுவர் உள்ள குழாயையும், 1¼ அங்குல விட்டம், 0.049 அங்குலச் சுவர் உள்ள குழாயையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது 3 சதவீதத்துக்கு மேல் எடை குறைவு. வளைவை எதிர்க்கும் திறனோ ஏறக்குறைய 59 சதவீதம் அதிகம். நல்ல பட்டறைகள் குரோமோலியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம்: வலிமை அதிகம் என்பதால் சுவரை மெலிதாக்கி, விட்டத்தைக் கூட்டலாம். அதே மெலிந்த சுவருக்கு ஒரு பலவீனமும் உண்டு. கல் பட்டாலோ, சாயும்போது நெர்ஃப் பாரின் (வண்டியின் பக்கவாட்டில் காலருகே வரும் காப்புக் கம்பி) முனை குத்தினாலோ குழாய் நெளியும். நெளிந்த இடத்தில் குழாய் மடங்கத் தயாராக இருக்கும். உங்களைப்போலக் காட்டுப் பாதையிலும் ஓட்டுபவர் இதை யோசிக்க வேண்டும்.

எனவே ஃபிரேம் விற்பவரிடம் "குரோமோலியா?" என்று மட்டும் கேட்டால் பதிலில் பயனில்லை. பிரதானக் குழாய்களின் விட்டம் என்ன, சுவர்க் கனம் என்ன, முன் ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் ஷாக் டவரிலும் ஏ-ஆர்ம் காதுகளிலும் எத்தனை கனத் தகடு, காதுகள் போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒற்றை வெட்டா, இருபக்கமும் பிடிக்கும் இரட்டை வெட்டா என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

எடையையும் பார்ப்போம். உங்கள் வண்டி ஏறக்குறைய 160 கிலோ. நீங்களும் ஹெல்மெட், பூட்ஸ், பெட்ரோல் எல்லாமும் சேர்த்தால் 250 கிலோவை ஒட்டி வரும். ஃபிரேமில் 3 கிலோ குறைந்தால் மொத்தத்தில் சுமார் 1 சதவீதம். 'சி' வகுப்பில் அந்த ஒரு சதவீதத்தைவிட, பள்ளங்களில் ஆக்சிலரேட்டரை மூடாமல் ஓட்டவிடும் ஒரு ஷாக் செட் பல மடங்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

பந்தயக்காரர்கள் ஏன் வெளி ஃபிரேம் போட்டார்கள்

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் இன்றைய நிலை புரியும். ஹோண்டா தன் டிஆர்எக்ஸ்250ஆர் என்ற இரண்டு-ஸ்ட்ரோக் பந்தயக் குவாடை 1986 முதல் 1989 வரைதான் தயாரித்தது. சுசுகியின் எல்டி250ஆர் 1992 வரை வந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, மோட்டோகிராஸுக்கென்றே செய்த புதுக் குவாட் பெரிய ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வரவில்லை. பழைய 250ஆர் இன்ஜினை வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன ஃபிரேமுக்குப் பதிலாக லேகர், வால்ஷ், லோன் ஸ்டார், ரோல் டிசைன் போன்ற பட்டறைகளின் ஃபிரேம்களைப் போட்டுத்தான் பந்தயம் உயிரோடு இருந்தது. 2002இல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் மோட்டார் சைக்கிள் வந்ததும் அதன் நான்கு-ஸ்ட்ரோக் இன்ஜினையும் இப்படி ஃபிரேம்களில் ஏற்றினார்கள்.

2004இல் யமஹா ஒய்எஃப்இசட்450-உம் உங்கள் டிஆர்எக்ஸ்450ஆர்-உம் வந்தபோது நிலைமை மாறியது. அந்தப் பட்டறைகள் கண்டுபிடித்தவற்றில் பலவற்றைத் தொழிற்சாலைகளே உள்வாங்கிக்கொண்டன. ஆகவே 250ஆர் காலத்தில் வெளி ஃபிரேம் ஒரு தேவை. 450 காலத்தில் அது ஒரு தேர்வு.

இங்கே விதிமுறையையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் ஓட்ட விரும்பும் வகுப்பின் பெயரில் 'புரொடக்‌ஷன்' என்ற சொல் இருந்தால், பெரும்பாலும் அசல் ஃபிரேம்தான் இருக்க வேண்டும். வலுப்படுத்தலாம், அளவுகளை மாற்றக் கூடாது. வெளி ஃபிரேம் போட்டுவிட்டால் அந்த வகுப்பின் கதவு மூடிவிடும், மீதமுள்ள வகுப்புகளில் உங்களைவிடப் பலசாலியான வண்டிகளோடு நிற்க வேண்டியிருக்கும். ஃபிரேமுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அடுத்த சீசனின் விதிப் புத்தகத்தில் உங்கள் வகுப்புக்கான பக்கத்தையும், உள்ளூர் கிளப் தனியாக வெளியிடும் விதிகளையும் படியுங்கள். வண்டியின் மொத்த அகலம் மோட்டோகிராஸில் 50 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அகலமான ஏ-ஆர்மும் ஆக்ஸிலும் சேர்ந்து அதை எளிதில் தாண்டிவிடும்.

850 டாலர் ஃபிரேம்

இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். விலையைப் பார்த்தால் மனம் சாயும், தெரியும். மூன்று காரணங்கள்.

முதலாவது, புதுசாக அடித்த கருப்புப் பூச்சு. பூச்சின் மேல் விரிசல் தெரிய வேண்டும் என்றால் வெளிர் நிறம்தான் உதவும். சாம்பல், வெள்ளை, மஞ்சள். பழைய ஃபிரேமை விற்பதற்கு முன் கருப்பு அடித்திருந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று பூச்சை உரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. விற்பவரிடம் நான்கு இடங்களில் பூச்சைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்: கீழ் ஏ-ஆர்ம் காதுகள், ஷாக் டவரின் குறுக்குக் குழாய், ஸ்டியரிங் தண்டின் கீழ்ப் பேரிங் பிடி, ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்ஸிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) திரும்பும் பிவட் தகடு. மறுத்தால் பேச்சு அதோடு முடிந்தது. அனுமதித்தால் கடையில் கிடைக்கும் டை-பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் மை) ஸ்ப்ரே போதும்: கிளீனர் போட்டுத் துடைத்து, சிவப்பு மையை அடித்து 10 முதல் 20 நிமிடம் விட்டு, துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை மெலிதாக அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு ஊறி வரும். மையைத் துடைக்கும்போது கிளீனரை நேராக ஃபிரேமில் அடிக்கக் கூடாது. விரிசலுக்குள் போன மையும் கழுவிப் போய்விடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு. 2004-05 வண்டியும் உங்கள் 2006-உம் ஒன்றல்ல. 2006இல் ஹோண்டா இன்ஜினையே மாற்றியது: சிலிண்டர் விட்டம் 94 மில்லிமீட்டரிலிருந்து 96 ஆனது, பட்டனில் ஸ்டார்ட் ஆகும் வகையும் வந்தது. இந்த 850 டாலர் ஃபிரேம் எந்த ஆண்டு இன்ஜினுக்குச் செய்தது? பேட்டரிப் பெட்டி, ஸ்டார்ட்டர் ரிலே, ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், ஏர்பாக்ஸ் இவற்றுக்கெல்லாம் பிடிமானம் இருக்கிறதா? செய்த பட்டறை இன்னும் இயங்குகிறதா, உடைந்தால் ஒரு காதோ புஷ்ஷோ தருமா? 'லாங் டிராவல்' என்றால் உங்களிடம் இருக்கும் ஏ-ஆர்ம்களும் ஷாக்குகளும் அதில் பொருந்தாது. 850 டாலர் ஃபிரேமுக்கு மேல் ஏ-ஆர்ம் செட், நீண்ட ஷாக் இரண்டு, ஸ்டியரிங் தண்டு, நெர்ஃப் பார் என்று போனால் உங்கள் 3,500 டாலரை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுவீர்கள்.

'லாங் டிராவல்' பற்றி ஒரு திருத்தம். அதைப் போட்டால் சக்கரம் மேலும் கீழும் ஏறக்குறைய இரட்டிப்பாக அசையும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சக்கரத்தின் மொத்த அசைவு பெரிதாகக் கூடுவதில்லை. ஷாக்கின் நீளமும் அதன் உள் அசைவும் கூடுகின்றன. அதனால் வண்டியைத் தாழ்வாக நிறுத்தியும் போதிய அசைவு கிடைக்கும், வால்வுகளை நுணுக்கமாக அமைக்க இடம் கிடைக்கும். அதை உணர்ந்து பயன்படுத்தும் அளவுக்கு வேகம் வந்த பிறகு அது நல்ல செலவு.

மூன்றாவது காரணம் காகிதம். இதற்குத் தனித் தலைப்பே வேண்டும்.

வின் எண் தகடு

நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். ஒரு வண்டியின் வின் எண்ணைக் கழற்றி இன்னொரு ஃபிரேமில் பொருத்துவது, எண்ணை அழிப்பது, மாற்றி அடிப்பது இவை மாநிலச் சட்டங்களின்படி குற்றம். திருட்டு வண்டிகளை மறைக்கச் செய்வது இதைத்தான் என்பதால், உங்கள் நோக்கம் நல்லதாக இருந்தாலும் போலீஸின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண் ஃபிரேமில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் பார்வையில் வண்டியின் அடையாளம் ஃபிரேம்தான், இன்ஜின் அல்ல.

ஓஹையோவில் குவாட் பைக்குக்கு உரிமைப் பத்திரம் உண்டு. அதைக் கொடுப்பது உங்கள் கவுண்டியின் கிளர்க் ஆஃப் கோர்ட்ஸ் டைட்டில் அலுவலகம். ஆகவே மூன்றாவது வழியில், 450 டாலர் ஃபிரேமோடு வரும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஃபிரேமில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்து, விற்பவர் கையெழுத்திட்டுச் சான்றளித்த பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் வண்டி சட்டப்படி அந்த எண்ணுள்ள வண்டி. பழைய விரிசல் ஃபிரேமை என்ன செய்வது, அதன் பத்திரத்தை எப்படி ரத்து செய்வது என்பதை அதே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

புது ஃபிரேம் வாங்கினால் பட்டறையிடம் உற்பத்திச் சான்றும் வரிசை எண்ணுடன் கூடிய ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்து எப்படிப் பத்திரம் எடுப்பது என்று பணம் கட்டுவதற்கு முன்பே டைட்டில் அலுவலகத்தில் விசாரியுங்கள். பந்தயத் திடலுக்குள் மட்டும் ஓட்டும் வண்டிக்கு இது எதற்கு என்று தோன்றலாம். டிரெய்லரில் ஏற்றிப் போகும்போது நிறுத்திக் கேட்டால், வண்டி திருடு போய் இன்ஷூரன்ஸ் கேட்டால், நாளை விற்க நினைத்தால், அப்போது தேவைப்படும்.

அசல் ஃபிரேமை எப்படிப் பார்த்து வாங்குவது

இதைத்தான் நீங்கள் நிதானமாகச் செய்ய வேண்டும். ஒரு டேப், ஒரு ரசமட்டம், நேரான மூன்று கம்பிகள், ஒரு தூக்குக்குண்டு இவ்வளவு போதும்.

ஃபிரேமை நான்கு ஸ்டாண்டுகளில் வைத்து, ஸ்விங் ஆர்ம் பிவட் துளையில் இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி நீளமான, நேரான கம்பியைச் செருகுங்கள். கையால் தள்ளியே கம்பி மறுபக்கம் போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பிவட் தகடுகள் விலகியிருக்கின்றன. கம்பியின் மேல் ரசமட்டம் வைத்து மட்டப்படுத்துங்கள். இனி முன்னால் இடது, வலது கீழ் ஏ-ஆர்ம் காதுகளில் ஒவ்வொரு கம்பி செருகி, முன்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கம்பிகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று தாழ்ந்திருந்தால் ஃபிரேம் முறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து மூலைவிட்டம். இடது முன்காதின் போல்ட் மையத்திலிருந்து பிவட் கம்பியின் வலது முனை வரை ஒரு அளவு. வலது முன்காதிலிருந்து இடது முனை வரை ஒரு அளவு. பிவட் கம்பி இரண்டு பக்கமும் சமமாக நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். வித்தியாசம் 1.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல ஃபிரேம். 3 வரை இருந்தால் ஜிக்கில் (ஃபிரேமை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) வைத்து நிமிர்த்தத் தெரிந்த பட்டறை இருந்தால் மட்டும் வாங்கலாம். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அலைன்மென்ட் பார்த்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி குத்தி அளந்தால் குழாய்கள் குறுக்கே வராமல் இன்னும் துல்லியமாக வரும்.

கூடவே, வெல்டிங்கின் மேல் வெல்டிங் இருக்கிறதா, ஒரு காது மட்டும் மற்றதைவிடப் புதிதாக இருக்கிறதா, இன்ஜின் பிடிகளின் துளை நீள்வட்டமாகிவிட்டதா, அடிக்குழாய்களில் கல் குத்திய நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும்.

கஸ்ஸெட் தகடுகள்: எவ்வளவு, எங்கே

வாங்கியதும் பூச்சு முழுவதையும் உரித்து, மேலே சொன்ன மை சோதனையைச் செய்துவிட்டு வெல்டரிடம் கொடுங்கள். டிக் (TIG) வெல்டிங், இஆர்70எஸ்-2 என்ற வகை நிரப்புக் கம்பி. தகட்டின் கனம் குழாய்ச் சுவரின் கனத்தை ஒட்டி 2 முதல் 3 மில்லிமீட்டர். கனமான தகடு போட்டால் வலு என்று நினைத்து 5 மில்லிமீட்டர் போட்டால், தகடு முடியும் இடத்தில் குழாய் வெட்டுப்படும். தகட்டின் முனைகள் சதுரமாக முடியக் கூடாது, சரிந்து மெலிந்து முடிய வேண்டும். குழாயைச் சுற்றி வளையமாக வெல்டிங் போடவே கூடாது. சூடு பட்ட அந்த வட்டத்தில்தான் குழாய் ஒடியும்.

போட வேண்டிய இடங்கள் அதிகமில்லை: கீழ் ஏ-ஆர்ம் காதுகள் நான்கும், மேல் காதுகளின் பின்பக்கம், ஷாக் டவர் மூலைகள், ஸ்டியரிங் தண்டின் கீழ்ப் பிடி, காலடிக் கட்டைகளின் பிடி, பின் ஷாக்கின் மேல் பிடி. அதோடு நிறுத்துங்கள். எங்கு பார்த்தாலும் தகடு வைத்தால் ஃபிரேமின் இயல்பான நெகிழ்வு போய், தகடு வைக்காத அடுத்த மூலையில் விரிசல் பிறக்கும். வெல்டிங் நேரத்தில் ஒரு பழைய இன்ஜின் கேஸையாவது போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் பிடிகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். முடிந்ததும் மூலைவிட்டங்களை மீண்டும் அளக்க வேண்டும்.

உங்கள் இப்போதைய ஃபிரேமையே வெல்டிங் செய்யலாமே என்று கேட்கலாம். மேலே சொன்ன அளவுகள் சரியாக வந்தால் செய்யலாம்: விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு நிறுத்தி, முழுநீளமும் 'வி' வடிவில் அரைத்து, வெல்டிங் போட்டு, காதுக்கு மேல் தகடு. ஆனால் அந்த மேட்டில் இடித்தது இடப்பக்கம் மட்டுமா என்பதை அளவு சொல்லும் வரை தெரியாது. அளவு சரியாக இருந்தால் 450 டாலரும் மிச்சம், பத்திர வேலையும் மிச்சம். ஆகவே முதலில் உங்கள் வண்டியை முழுக்கப் பிரித்து இதை அளந்துவிடுங்கள். வேறு ஃபிரேமுக்குப் பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

புது ஃபிரேம்தான் என்று முடிவெடுத்தால்

எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முன்சக்கரங்களை 1 அங்குலம் முன்னே தள்ளினால் நேர்ப் பாதையில் வண்டி நிலையாக நிற்கும், ஆனால் முன்சக்கரத்தின் மேல் விழும் எடை குறைந்து திருப்பத்தில் வெளியே வழுக்கும். இன்ஜினைத் தாழ்த்தினால் புவியீர்ப்பு மையம் தாழும். செயின் ஸ்விங் ஆர்மோடு சேரும் கோணமும் மாறும், அதனால் ஆக்சிலரேட்டர் திறக்கும்போது பின்பக்கம் அமுங்குவதும் எழுவதும் மாறும். "எல்லாவற்றிலும் மேம்பட்டது" என்று விற்பவர் சொன்னால், இவற்றில் எதை எதற்காக விட்டுக்கொடுத்தார் என்று கேளுங்கள்.

பூச்சு இல்லாமல் வெறும் ஃபிரேமாகவே வரவழைத்து, எல்லாப் பாகங்களையும் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே பவுடர் கோட்டிங் அடியுங்கள். நிக்கல், குரோம் முலாம் வேண்டாம். முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போய் வலுவான எஃகை நொறுங்கவிடும் ஆபத்து உண்டு. பொருத்தும்போது மூன்று இடங்களில் கவனம்.

இன்ஜினுக்கும் ஃபிரேமில் உள்ள அதன் பிடிகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வாஷர் வைத்து நிரப்புங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் ஒருநாள் இன்ஜின் கேஸ் பிளக்கும்.

ஏ-ஆர்மின் உள்புஷ் (போல்ட் நுழையும் சிறு குழாய்), காதுகளின் இடைவெளிக்குச் சரியாக இருக்க வேண்டும். ஷாக் இல்லாமல், போல்ட்டை டார்க் ரெஞ்சில் முழுதாக இறுக்கிய பிறகு, ஏ-ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே விழ வேண்டும். பாதியில் நின்றால் காதுகள் புஷ்ஷைக் கவ்வுகின்றன. ஆடினால் போல்ட் காதுகளை வளைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் இப்போதைய விரிசல்கூட இப்படித் தொடங்கியிருக்கலாம், பிரிக்கும்போது அந்தப் புஷ்ஷை அளந்து பாருங்கள்.

பம்ப் ஸ்டியர், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும்போது தானாகத் திரும்புவது. ஷாக்குகளைக் கழற்றி, ஹேண்டிலை நேராகக் கட்டிவைத்து, ஜாக்கியால் சக்கரத்தை ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி, டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடு அசைவில் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ஸ்டியரிங் தண்டின் உயரம் ஃபிரேமோடு ஒத்துப்போகவில்லை. மேடு பள்ளத்தில் ஹேண்டில் கையைவிட்டுத் துள்ளும். செயின் தொய்வையும் ஷாக் இல்லாத இதே நிலையில் பாருங்கள்: முன் ஸ்பிராக்கெட் மையம், பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், அந்த நிலையிலும் கொஞ்சம் தளர்வு மிஞ்ச வேண்டும்.

நான்காவது வழி, வேறு வண்டி: 3,500 டாலரில் கிடைக்கும் இன்னொரு பழைய பந்தய 450-இலும் இதே சோதனைகளைச் செய்ய வேண்டியிருக்கும், கூடவே தெரியாத இன்ஜினும் வரும். அந்த வகையில் ஒய்எஃப்இசட்450ஆர் பார்த்தால், அதன் பிரதான ஃபிரேம் அலுமினியம் என்பதை நினைவில் வையுங்கள். விரிசல் விட்டால் எஃகைப்போல ஊர்ப் பட்டறையில் ஒட்டிவிட முடியாது, வெல்டிங் சூட்டில் அக்கம்பக்க உலோகம் வலுவிழக்கும். வீட்டில் கேட்பது உங்கள் பாதுகாப்புக்காக. இந்த அளவுகளை எழுதிவைத்துக் காட்டினால் அவர்களுக்கும் தெளிவு கிடைக்கும்.

எந்த ஃபிரேமாக இருந்தாலும் பூட்டி முடித்ததும் முதல் 20-30 நிமிட ஓட்டத்துக்குப் பின் எல்லாப் பிரதான போல்ட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சில் பாருங்கள். ஒருமுறை கழற்றிய நைலான் நட்டை மறுபடி போடாதீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் கழுவிக் காய்ந்ததும், டார்ச்சைச் சாய்வாக அடித்து, இந்த முறை நீங்கள் தற்செயலாகக் கண்ட அந்தப் பின்காதிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பிரித்து அளந்த பிறகு இரண்டு மூலைவிட்ட அளவுகளையும் புஷ்ஷின் நீளத்தையும் எழுதி அனுப்பினால், உங்கள் ஃபிரேமையே காப்பாற்றலாமா என்று திட்டமாகச் சொல்கிறேன்.